எரிமலைக் கல்லும் ஆலயக் கல்லும்

ஓக்லாந்து நகரம் எரிமலைகளின் மடியில் அமைந்த நகரமாகும். நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்த்து ஐம்பதுக்கும் மேற்பட்ட எரிமலை வாய்கள் உண்டு. மவுண்ட் ஈடன், த்ரீ கிங்ஸ், மவுண்ட் வெலிங்டன் போன்ற பகுதிகளில் குடியிருப்போர் வீட்டுப் பின்வளவில் ஒரு கறிவேப்பிலைக் கன்று நட மண்வெட்டியை ஓங்கினால், ஓரடி ஆழத்திலேயே ‘டங்’ என்று கல் இடறும். கன்று நட வந்தவர் கல் பொறுக்குபவராக மாறி, பொறுக்கிய கல்லை வேலியோரத்தில் அடுக்கிவைப்பது இங்கு வழக்கமான காட்சி.

அந்தக் கல்லை அப்படி அடுக்குவதில் ஒரு நீண்ட வரலாறு அடங்கியிருக்கிறது. ஆலயங்களைக் கல்லால் எடுப்பித்த மரபில் வந்த மக்கள், தாங்கள் குடியேறிய நாட்டின் கல்லையும் அறிந்திருப்பது நன்று. இந்த நாட்டில் ஆலயம் எழுப்ப நினைக்கும் எந்தச் சபையும் ஒருநாள் “கல்லா, கொங்கிறீற்றா?” என்ற கேள்வியைச் சந்தித்தே ஆகவேண்டும். அக் கேள்விக்கு விடை தேடுமுன் கல்லின் குணம் தெரிந்திருக்க வேண்டும்.

கல்லின் பலமும் பலவீனமும்

தமிழ்நாட்டு ஆலயங்களின் கருங்கல்லும் ஓக்லாந்தின் கருநிறக் கல்லும் ஒன்றல்ல. முன்னது பூமியின் ஆழத்தில் மிக மெதுவாகக் குளிர்ந்து இறுகிய கிரனைட் வகையைச் சேர்ந்தது. பின்னது எரிமலைக் குழம்பு மேற்பரப்பில் வழிந்து விரைவாகக் குளிர்ந்த பசால்ட். இங்குள்ள பழைய கட்டடக்காரர்கள் இதனை ‘நீலக்கல்’ என்று அழைத்தனர். இதன் உடன்பிறப்பான ஸ்கோரியா, செந்நிறத்தில் துளைகள் நிறைந்து, கையில் எடுத்தால் இலேசாக இருக்கும்.

எந்தக் கல்லானாலும் அடிப்படைக் குணம் ஒன்றே. மேலிருந்து அழுத்தும் பாரத்தை அது மலைபோல் தாங்கும். இழுத்தால் அல்லது வளைத்தால் எளிதில் முறிந்துவிடும். அழுத்தத்தைத் தாங்கும் வலிமையில் பத்தில் ஒரு பங்கு அளவோ அதற்கும் குறைவாகவோதான் இழுவையைத் தாங்கும் வலிமை கல்லுக்கு உண்டு. இரு தூண்களின் மேல் ஒரு கல் உத்திரத்தை வைத்தால், அதன் மேற்பகுதி அழுத்தப்படும், கீழ்ப்பகுதி இழுபடும். தூண்களுக்கிடையே தூரம் கூடினால் உத்திரத்தின் அடிப்பக்கத்தில் வெடிப்பு விழுந்து அது முறிந்துபோகும். உலகத்தில் கல்லால் கட்டியவர்கள் அனைவரும் இந்த ஒரு பலவீனத்தோடுதான் போராடினர். எகிப்தியரும் கிரேக்கரும் தூண்களை நெருக்கமாக வைத்தனர். உரோமர் கல்லை ஆப்பு வடிவில் செதுக்கி வளைவாக அமைத்து, இழுவை என்பதே ஏற்படாமல் பாரம் முழுவதையும் அழுத்தமாக மாற்றினர். நம் முன்னோர் வேறொரு வழியைக் கண்டனர்.

நம் முன்னோர் கண்ட வழி

ஆதியில் தமிழகத்துக் கோவில்கள் செங்கல்லாலும் மரத்தாலும் சுதையாலும் ஆனவை. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்ம பல்லவன், மண்டகப்பட்டில் பாறையைக் குடைந்து மும்மூர்த்திகளுக்கு ஒரு கோவில் அமைத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணச் சாந்து ஆகிய எதுவுமின்றி அதைச் செய்ததாக அங்குள்ள வடமொழிக் கல்வெட்டில் பெருமிதத்துடன் பொறித்தும் வைத்தான். குடைவரையில் இணைப்பு என்பதே இல்லை; மலையே சுவர், மலையே கூரை. ஏறத்தாழ நூறாண்டு கழித்து இராசசிம்ம பல்லவன் காலத்தில் மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோவிலும் காஞ்சிக் கைலாசநாதர் கோவிலும் எழுந்தன. அவை கல்லை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கட்டுமானக் கோவில்கள். பாறையில் தேடிய நிலைபேற்றைத் தனித்தனிக் கற்களிலும் பெறமுடியும் என்று சிற்பிகள் காட்டிவிட்டனர்.

கல்லைப் பிளப்பதே முதற் கலை. பாறையின் மேல் நேர்வரிசையில் உளியால் குழிகள் இட்டு, அவற்றில் ஆப்பு அறைந்து, பாறை தானே அக்கோட்டில் பிளக்கும்படி செய்தனர். மாமல்லபுரத்தில் பாதியில் விடப்பட்ட பாறைகளில் அந்தக் குழிவரிசையை இன்றும் காணலாம்.

கல்லை அடுக்குவது அடுத்த கலை. அதிட்டானம், அதன்மேல் சுவரும் தூணும், அதன்மேல் பிரஸ்தரம், கழுத்தாகிய கிரீவம், சிகரம், உச்சியில் ஸ்தூபி என்று ஆறு அங்கங்களாக விமானத்தை வகுத்தனர். அகன்ற அடிப்பீடம் பாரத்தை நிலத்தில் பரப்பிவிடும். தூணின் தலையில் இருபுறமும் கை நீட்டியதுபோல் நிற்கும் போதிகையைப் பலர் வெறும் அலங்காரம் என்றே எண்ணுவர். தூணுக்கும் தூணுக்கும் இடையே உத்திரம் தாண்டவேண்டிய தூரத்தை அது குறைக்கிறது. உத்திரத்தின் பலவீனத்தை அறிந்தவன் வைத்த கை அது! ஆயிரங்கால் மண்டபங்களில் தூண்கள் காடுபோல் நிற்பதற்கும் இதே காரணம் உண்டு. கல் உத்திரத்தால் நீண்ட தூரம் தாண்டமுடியாது. ஆகவே மண்டபம் பெரிதாகும்தோறும் தூண்களும் பெருகின. பலவீனத்தையே அழகாக மாற்றியது சிற்பியின் திறமை.

1010ஆம் ஆண்டில் முதலாம் இராசராச சோழன் நிறைவுசெய்த தஞ்சைப் பெரியகோவில் இக்கலையின் உச்சம் எனலாம். இருநூறு அடி வரை உயரும் அதன் விமானம் உள்ளே வெறுமையானது என்பது பலருக்கு வியப்பளிக்கும். கருவறையைச் சுற்றி இரண்டு சுவர்கள்; அவற்றுக்கிடையே ஒரு நடைபாதை. சோழர்காலச் சுவரோவியங்கள் இருப்பது அந்த நடைபாதையில்தான். மேலே செல்லச்செல்ல ஒவ்வொரு வரிசைக் கல்லும் கீழ்வரிசையைவிடச் சிறிது உள்நோக்கி நீட்டப்பட்டு, பின்பக்கத்தில் அடுத்த வரிசையின் பாரத்தால் அழுத்தப்பட்டு, படிப்படியாகக் குறுகிச் சிகரத்தில் முடிகிறது. சாந்தை நம்பாமல் கல்லின் சொந்த எடையையே பிணைப்பாகக் கொண்ட முறை அது. ஒரு கன மீற்றர் கருங்கல்லின் எடை ஏறத்தாழ 2.7 தொன். அந்த எடையைச் சுமையென்று எண்ணாமல் துணையென்று எண்ணியதே சோழச் சிற்பியின் ஞானம்.

சிகரம் எண்பது தொன் எடையுள்ள ஒரே கல் என்றும், அதன் நிழல் தரையில் விழாது என்றும் வழங்கும் கதைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லுமுன் சற்று நிதானிப்பது நல்லது. சிகரம் பல கற்களை இணைத்து உருவாக்கியது. நிழலும் விழத்தான் செய்கிறது. கட்டுக்கதை இல்லாமலே அந்தக் கோவிலின் பெருமை குறையாது நிற்கும்.

ஈழத்திலும் இதே முறை வேரூன்றியது. பொலன்னறுவையில் சோழர் காலத்து வானவன்மாதேவி ஈஸ்வரம் அடிமுதல் சிகரம்வரை கல்லாலானது; பல நூற்றாண்டுக் காட்டையும் மழையையும் தாங்கி இன்றும் நிற்கிறது. திருகோணமலைக் கோணேசர் ஆலயத்தையோ 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் இடித்து, அதன் கற்களைக்கொண்டே கோட்டை கட்டினர். காலத்தாலும் மழையாலும் அழியாத கல் மனிதன் கையால் அழிந்தது.

சாந்து கெட்டால் சுவர் கெடும்

இனி ஓக்லாந்துக்கு வருவோம். மாங்கெரேயில் கடலோரமாகப் பரந்திருக்கும் ஒட்டுவாட்டாவா கற்களத்தில், எரிமலை மண்ணில் குமரா கிழங்கு பயிரிட்ட மாவோரி மக்கள் கற்களைப் பொறுக்கி மேடுகளாகவும் வரம்புகளாகவும் அமைத்தனர். பகலில் வெயிலை வாங்கிய கல் இரவில் மண்ணுக்குச் சூட்டைக் கொடுத்தது. பின்னர் வந்த ஐரோப்பிய விவசாயிகள் அதே கற்களைச் சாந்தில்லாமல் அடுக்கி மதில்களாக்கினர். நெடுந்தீவில் முருகைக்கல்லை அவ்வாறே வெறுமனே அடுக்கி எழுப்பிய வேலிகளைக் கண்டவர்களுக்கு, இந்த மதில்களைப் பார்க்கும்போது ஊர் நினைவு வராமற் போகாது. கடலுக்கு அப்பாலும் இப்பாலும், நிலத்தில் கல் மிகுந்த விவசாயிக்கு ஒரே யோசனைதான் தோன்றியிருக்கிறது.

நியூசிலாந்தில் இன்றும் நிற்கும் மிகப் பழைய கல் கட்டடம் வடக்கே கெரிகெரியில் உள்ள கல் பண்டகசாலை. 1832இல் தொடங்கி 1836இல் முடிந்தது. சுவருக்கு உள்ளூர் பசால்ட் கிடைத்தது. ஆனால் அந்தக் கல் செதுக்குவதற்கு மிகக் கடினமானது. ஆகவே மூலைகளுக்கும் வளைவுகளுக்கும் வேண்டிய மணற்கல்லைச் சிட்னியிலிருந்து கப்பலில் கொண்டுவந்தனர். கல்லின் குணத்துக்கேற்பக் கல்லைத் தெரிந்தெடுக்கும் அறிவு அதில் தெரிகிறது.

ஓக்லாந்தில் கல்வேலை தொடங்கியபோது பாடம் கசப்பாக இருந்தது. ஆயர் செல்வினின் காலத்தில், 1840களின் நடுப்பகுதியில், கட்டடக்கலைஞர் சாம்சன் கெம்ப்தோர்ன் வரைந்த திட்டப்படி டமாகியிலும் பார்னெலிலும் கல் தேவாலயங்கள் எழுந்தன. கல்லில் குறையில்லை, சாந்தில்தான் குறை இருந்தது. டமாகித் தேவாலயம் சில ஆண்டுகளிலேயே நனைந்து சிதைந்து, இறுதியில் இடிபாடாயிற்று. பார்னெல் தேவாலயமோ இடிந்தே விழுந்தது. கடற்கரை மணலை நன்றாகக் கழுவாமல் சுண்ணாம்பில் கலந்தால், அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்து, காய்ந்து, மீண்டும் ஈரமாகிச் சாந்தைப் பொடியாக்கிவிடும் என்பது கொத்தனார் எவருக்கும் தெரிந்த உண்மை. இந்த அனுபவத்துக்குப் பின் செல்வினுடைய தேவாலயங்கள் பெரும்பாலும் மரத்தாலேயே எழுந்தன. இன்று ஓக்லாந்தின் பெருமையாகப் பேசப்படும் அந்த மரத் தேவாலயங்களுக்குப் பின்னால் கெட்டுப்போன சாந்தின் கதையும் இருக்கிறது.

நம் நாட்டுக் கொத்தனார் சுண்ணாம்பை நாட்கணக்கில் ஊறவைத்து, கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்தது ஏன் என்பது இக்கதையைக் கேட்டபின் விளங்கும். சாந்தில் அவசரம் ஆகாது.

பாடம் கற்றபின் எழுந்த கட்டடங்கள் நிலைத்தன. 1857இல் பார்னெலில் பள்ளித் தலைமையாசிரியர் ஜோன் கிண்டருக்காகக் கட்டிய நீலக்கல் வீடும், 1859இல் மிஷன் பேயில் ரங்கிடோட்டோத் தீவின் எரிமலைக் கல்லால் எழுந்த மெலனீசிய மிஷன் மண்டபமும் இன்றும் நிற்கின்றன. மிஷன் பே என்ற பெயரே அந்த மண்டபத்தைக் கொண்ட மிஷனிலிருந்து வந்ததாகும்.

யாருடைய கை?

கல் கட்டடத்தைக் காணும்போது கட்டுவித்தவரின் பெயர் நினைவுக்கு வரும்; கட்டியவரின் பெயர் வருவதில்லை. ஓக்லாந்துப் பல்கலைக்கழக வளவினுள் ஒரு நீண்ட கருங்கல் மதில், துப்பாக்கிக்கான துளைகளோடு நிற்பதை மாணவர்கள் நாள்தோறும் கடந்துசெல்கின்றனர். அது 1840களின் பிற்பகுதியில், வடக்கே நடந்த போருக்குப்பின் நகரைக் காக்க எழுப்பிய அல்பர்ட் படைமுகாமின் எஞ்சிய சுவர். மாவோரிகளுக்கு அஞ்சி எழுப்பிய அந்தச் சுவரைக் கட்டியவர்களிற் பெரும்பாலோர் மாவோரிக் கல்வேலைக்காரர்களே என்பது வரலாற்றின் விசித்திரம்.

மவுண்ட் ஈடன் பழைய சிறைச்சாலையின் கதையும் அத்தகையதே. 1882 முதல் 1917 வரை முப்பத்தைந்து ஆண்டுகள், கைதிகளே அருகிலிருந்த பசால்ட்டை உடைத்து, செதுக்கி, தங்களை அடைக்கும் சுவரைத் தாங்களே எழுப்பினர். 1965இல் நடந்த கலவரத்தில் கூரையும் உள் மரவேலைகளும் எரிந்தபோதும் கற்சுவர் நின்றது. 2011இல் புதிய கட்டடம் திறக்கப்பட்டதும் அந்தப் பழைய கட்டடம் சிறையாக இருப்பது முடிவுக்கு வந்தது.

நம் கோவில்களின் கல்லும் எத்தனையோ பெயரறியாதவர்களின் உடலுழைப்பே. தஞ்சைக் கல்வெட்டுகளில் கோவிலுக்குப் பணிசெய்த தச்சர், தட்டார், ஆடல்மகளிர் போன்றோரின் பெயர்களைக்கூடப் பொறித்துவைத்த பண்பு, இந்தவகையில் எண்ணிப்பார்க்கத்தக்கது.

நிலம் அசையும்போது

கல்லின் மேல் ஆசைகொள்வோர் இந்நாட்டில் மறக்கமுடியாத ஒரு செய்தி உண்டு. நியூசிலாந்து நிலநடுக்க நாடு. 1931 பெப்ரவரி 3இல் நேப்பியர் நகரமும், 2011 பெப்ரவரி 22இல் கிறைஸ்ட்சேர்ச் நகரமும் நொறுங்கின. கிறைஸ்ட்சேர்ச்சில் 185 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 115 பேர் ஒரே கொங்கிறீற்றுக் கட்டடத்தில் இறந்தவர்கள். ஆகவே கொங்கிறீற்று என்ற பெயர் மட்டும் காப்பாற்றிவிடாது. செங்கல், கல் சுவர்கள் தெருவில் சரிந்தும் பலர் மாண்டனர். அந்நகரின் அங்கிலிக்கன் கல் பேராலயத்தின் கோபுரம் அன்று இடிந்து விழுந்தது.

கல் அங்கே தோற்றது ஏன்? நிலநடுக்கம் பாரத்தை மேலிருந்து கீழாக அழுத்துவதில்லை, பக்கவாட்டில் தள்ளுகிறது. தள்ளும்போது சுவர் வளைகிறது; வளைந்தால் இழுவை வருகிறது; இழுவையில் கல் சுவர் தோற்கிறது. எடை கூடிய கட்டடத்தைப் பக்கவாட்டு விசையும் கூடுதலாகத் தாக்கும். சுவர்கள் கூரையோடும் தளங்களோடும் பிணைக்கப்படாமல் தனித்து நின்றால், வெளிப்புறமாகச் சாய்ந்து விழுவது எளிது. தஞ்சைக் கோவில் ஆயிரம் ஆண்டு நின்றது உண்மையே. எனினும் தஞ்சை, பெரும் நிலநடுக்கங்கள் அரிதான பகுதியில் நிற்கிறது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

இந்நாட்டின் பொறியியலாளர் இதற்கு விடைகள் தேடியிருக்கின்றனர். சுவர்களை உருக்குக் கம்பிகளால் கூரையோடும் தளத்தோடும் பிணைப்பது ஒருவகை. அத்திவாரத்துக்கும் கட்டடத்துக்கும் இடையே இரப்பரும் ஈயமும் சேர்ந்த தாங்கிகளை வைத்து, நிலம் அசைந்தாலும் கட்டடம் மெதுவாக மட்டும் அசையச் செய்வது இன்னொருவகை. இந்தத் தாங்கியை 1970களில் கண்டுபிடித்தவர் நியூசிலாந்து விஞ்ஞானி பில் ரொபின்சன். வெலிங்டன் பாராளுமன்றத்தின் பளிங்குக்கல் கட்டடம் 1990களில் இத்தகைய தாங்கிகளின் மேல் ஏற்றப்பட்டது. 2017 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த சட்டம், புதிய கட்டடத்துக்கு வேண்டிய வலுவில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குகூட இல்லாத பழைய கட்டடங்களை ஆபத்தானவை என வகைப்படுத்தியது. ஓக்லாந்து, நிலநடுக்க ஆபத்துக் குறைந்த வலயத்தில் சேர்க்கப்பட்டது. வெலிங்டன் அன்பர்களுக்குள்ள கவலையில் சிறுபங்கே ஓக்லாந்து அன்பர்களுக்கு உண்டு எனலாம். சிறுபங்கு என்பது இல்லை என்பதல்ல.

நிலம் அசையாத இடத்திலும் கவனக்குறைவு கல்லை வீழ்த்தும். 1516இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய காளத்தி இராசகோபுரம், சுவரில் விரிசல்கள் கண்டிருந்த நிலையில், 2010 மே 26இல் இடிந்து விழுந்தது. ஐந்நூறு ஆண்டு நின்றது ஒரு மாலைப்பொழுதில் மண்ணாயிற்று. விரிசல் என்பது கட்டடம் பேசும் மொழி, கேட்பவர் இருக்கவேண்டும். இதற்கு மாறாக, விசயநகரர் காலத்தில் கற்பீடத்தோடு நின்றுபோன திருவரங்க இராசகோபுரம், பல நூற்றாண்டுகளின் பின் 1987இல் நிறைவெய்தி 236 அடி உயர்ந்தது. கீழே கல்லும் மேலே எடைகுறைந்த செங்கல்லும் சுதையும் என்ற பழைய விதியே அத்தகைய உயரத்துக்கு வழிசெய்தது. காளத்திக்கும் 2017இல் புதிய கோபுரம் கிடைத்தது.

பசிபிக்கில் ஒரு முன்மாதிரி

கடல்கடந்த நாட்டில் கல் ஆலயம் இயலுமா என்று கேட்போருக்குப் பசிபிக் சமுத்திரத்திலேயே ஒரு விடை உண்டு. ஹவாயின் கவாய்த் தீவில் உள்ள இறைவன் கோவிலுக்கான கருங்கல்லைப் பெங்களூருக்கு அருகில் சிற்பிகள் 1990 முதல் கையுளியால் செதுக்கினர். வரைந்தவர் கணபதி ஸ்தபதி (1927 – 2011); குமரிமுனையில் 133 அடி வள்ளுவர் சிலையை எழுப்பியவரும் அவரே. 2000 சனவரி 1இல் திறக்கப்பட்ட அந்தச் சிலை, 2004ஆம் ஆண்டுக் கடற்கோளையும் தாங்கி நின்றது. ஹவாய்க் கோவிலின் அத்திவாரத்துக்கு இரும்புக்கம்பி வைக்கவில்லை. காலப்போக்கில் இரும்பு துருப்பிடித்து வீங்கிக் கொங்கிறீற்றைப் பிளக்கும் என்பதே காரணம். சிமெந்தின் பெரும்பங்குக்குப் பதிலாக நிலக்கரிச் சாம்பல் கலந்த, வெடிக்காத கலவையைப் பேராசிரியர் குமார் மேத்தா வகுத்துக்கொடுத்தார். 2023ஆம் ஆண்டில் குடமுழுக்கு நடந்தது. தொடங்கியபோது இளைஞராயிருந்த சிற்பிகள் முடிந்தபோது தாத்தாமாராயினர். கல் அவசரப்படுவோருக்கு உரியதல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஆகவே “கல்லா, கொங்கிறீற்றா?” என்ற கேள்விக்கு ஒற்றைச்சொல் விடையில்லை. மூலஸ்தானத்தைக் கல்லாலும் மற்றையவற்றைப் பொறியியலாளர் வகுத்த உறுதியான சட்டகத்தாலும் அமைப்பது ஒருவழி. ஸ்தபதியும் நிலநடுக்கப் பொறியியலாளரும் தொடக்கத்திலிருந்தே ஒரே மேசையில் அமர்வது எல்லா வழிக்கும் பொதுவான நிபந்தனை. வரைபடம் முடிந்தபின் பொறியியலாளரைக் கூப்பிட்டால் செலவும் கூடும், மனக்கசப்பும் கூடும். கட்டியபின் பேணுவதற்கும் பணம் ஒதுக்கவேண்டும். பழைய சுண்ணாம்பு இணைப்புகளைச் சிமெந்தால் பூசி அடைத்தால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டுக் கல்லை அரிக்கும். ஊர்க் கோவில்களில் மணலைப் பீய்ச்சிச் சுத்தம்செய்தபோது, கல்வெட்டு எழுத்துகள் தேய்ந்துபோன கதையும் உண்டு. பக்தியோடு செய்த பிழையும் பிழையே.

வரும் விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மாங்கெரேக் கற்களத்துக்கும், பல்கலைக்கழக மதிலடிக்கும், மிஷன் பே மண்டபத்துக்கும் ஒருமுறை போய்வரலாம். கல்லைத் தொட்டுப்பார்த்து, இணைப்பில் சாந்து இருக்கிறதா, மூலைக்கல் எப்படி மாறிமாறி வைக்கப்பட்டிருக்கிறது என்று கவனிக்கச் சொல்லலாம். அப்படிக் கண்பழகிய பிள்ளை நாளை ஊருக்குப் போய்க் கோவில் மண்டபத்தில் நிற்கும்போது, தூணின் சிற்பத்தோடு நின்றுவிடாமல் போதிகையையும் நிமிர்ந்து பார்க்கும். அதைச் செதுக்கிய கை எதற்காக அப்படி நீண்டது என்பதும் அந்தப் பிள்ளைக்குப் புரியும்.